ஆகஸ்டில் போட்ட ஹீட்டர்

அது 1995ஆம் ஆண்டு, ஆகஸ்ட் மாதத்துச் சனிக்கிழமை. பாடசாலை தொடங்க இன்னும் இரண்டு கிழமை இருந்தது. எனக்குப் பதினொரு வயது. நாள், நேரம் பார்த்துக் குறிப்பு எழுதும் பழக்கம் அப்போதே எனக்கு இருந்தது. அன்று எழுதிய பன்னிரண்டு வரிகள் நன்றாக நினைவிருக்கின்றன. அவற்றில் கடைசி ஆறும் பொய்.

எங்களிடம் பதின்மூன்று வருடப் பழைய கார் ஒன்று இருந்தது. ஓடும்போது பிரச்சினை இல்லை. சிவப்பு விளக்கில் நின்றால் போதும், சூடு காட்டும் ஊசி மெல்ல மேலேறத் தொடங்கும். நாங்கள் குடியிருந்த மொன்றியலின் செயின்ட்-மிஷேலில், மூன்று தெரு தள்ளி, யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் கராஜ் வைத்திருந்தார். அவர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஹெட் போட்டுது தம்பி, இனி இது பழைய இரும்புதான்" என்று சொல்லிவிட்டார். எஞ்சினின் தலைப்பகுதியே கசிகிறது, திருத்திப் பயனில்லை என்று அர்த்தம்.

அப்பா அதை ஏற்கவில்லை. ஊரில் தோட்டக்காரரின் தண்ணீர் இறைப்பு மெசின்களைத் திருத்தியவர். பெற்றோல் கிடைக்காத காலத்தில் மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓடவைத்தவர். இங்கே நான்கு வருடமாக ஓர் உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். மூன்று மாலைகள் காரோடு கிடந்தார். எண்ணெயில் தண்ணீர் கலக்கவில்லை. ரேடியேற்றரில் குமிழி வரவில்லை. ஓடினால் சூடு இறங்குகிறது. ஆகவே எஞ்சினில் பழுதில்லை, கார் நிற்கும்போது சுழலவேண்டிய விசிறிதான் சுழலவில்லை என்ற முடிவுக்கு வந்தார். அதைக் கராஜ்காரரிடமே போய்ச் சொன்னார்.

"ஹீட்டரை முழுசாப் போட்டா எஞ்சின் சூடு காருக்குள்ளை வந்திடும் அண்ணை. விசிறிதான் பிழையெண்டா ஊசி நடுவிலை நிக்கும். ஹெட் போயிருந்தா அதுக்கும் அடங்காது. கால் மணித்தியாலம் நிப்பாட்டி வைச்சுக் காட்டுறன்."

கராஜ்காரர் வயிறு குலுங்கச் சிரித்தார். "மொன்றியலிலை ஆவணி மாசம் ஹீட்டர் போடுற முதல் ஆள் நீர்தான் ஐசே! சரி, சனிக்கிழமை கொண்டுவந்து காட்டும். நீர் சொல்லுறது சரியெண்டா திங்கள் தொடக்கம் இஞ்சை வேலைக்கு வாரும். எனக்கும் ஒரு ஆள் தேவை."

சனிக்கிழமை காலை அம்மா அப்பாவின் நல்ல சேட்டை இஸ்திரிப்பெட்டியால் மினுக்கிக் கொடுத்தார். கார் திருத்தப் போகிறவருக்கு எதற்கு மினுக்கிய சேட்டு என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை.

கராஜ் வாசலில் காரை நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, ஹீட்டர் லீவரைச் சிவப்புப் பக்கத்தின் எல்லைவரை தள்ளினார் அப்பா. தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் தந்தார். நான் காருக்குள் இருந்து, நிமிடத்துக்கு ஒருமுறை ஊசி நிற்கும் இடத்தைக் கொப்பியில் எழுதவேண்டும்.

"லீவரிலை கை வைக்காதை பிள்ளை. ஊசி ஏறினா உடனை கூப்பிடு."

உள்ளே கராஜ்காரர் எதையோ பிடிக்கச் சொல்லிக் குரல் கொடுத்தார். அப்பா வேலை கிடைத்துவிட்டவரைப் போல ஓடினார்.

ஆறு நிமிடமும் 'நடு' என்றே எழுதினேன். அடுப்புக்குள் தலையை விட்டதுபோல் இருந்தது. நாடியிலிருந்து வியர்வை கொப்பியில் சொட்டியது. அப்போது தெப்பனேர் என்று இங்கே சொல்லும் பக்கத்துச் சில்லறைக் கடையிலிருந்து என் வகுப்புத் தோழி சிவப்பு ஐஸ்பழம் ஒன்றைச் சூப்பிக்கொண்டு வெளியே வந்தாள். என்னைக் கண்டு ஓடிவந்து, திறந்திருந்த ஜன்னலுக்குள் கையை விட்டவள், சட்டென்று இழுத்துக்கொண்டாள்.

"கோடையிலும் ஹீட்டரா? உங்களுக்கெல்லாம் என்ன பைத்தியமா?" என்று பிரெஞ்சில் கேட்டுச் சிரித்தாள்.

கார் பழுது, என் அப்பா சோதித்துப் பார்க்கிறார் என்று சொல்லும் அளவுக்கு எனக்குப் பிரெஞ்சு தெரியும். நான் சொன்னது வேறு. "அப்பா பிழையாகப் போட்டுவிட்டார். அவருக்கு இதெல்லாம் தெரியாது." சொல்லிக்கொண்டே லீவரை நீலப் பக்கம் தள்ளினேன்.

அவள் ஐஸ்பழத்தில் ஒரு கடி தந்தாள். அது உருகி என் விரல்களில் வழிந்தது. வரப்போகும் புது ஆசிரியரைப் பற்றிக் கதைத்தோம். பொனற்றின் ஓரத்தில் ஆவி கிளம்பியதை அவள்தான் முதலில் கண்டாள், கண்டதும் ஓடிவிட்டாள். ஊசி சிவப்பைத் தொட்டிருந்தது. லீவரைப் பழைய இடத்துக்குத் தள்ளினேன். ஏழாம் நிமிடம் 'கொஞ்சம் மேலே', எட்டாம் நிமிடம் 'மேலே' என்று பன்னிரண்டு வரைக்கும் மளமளவென்று நிரப்பினேன். பிறகுதான் அப்பாவைக் கூப்பிட்டேன்.

இருவரும் ஓடிவந்தார்கள். அப்பா எஞ்சினை நிறுத்திவிட்டுக் கொப்பியை வாங்கி, வரி வரியாகப் படித்தார்.

"லீவரைத் தொட்டனியோ பிள்ளை?"

"இல்லை அப்பா."

"பிள்ளையை ஏன் ஐசே கேக்கிறீர்?" என்றார் கராஜ்காரர். "ஹீட்டர் போட்டும் கொதிக்குது. நீர் சொன்ன சோதினைதானே! எங்கை, நானும் ஒருக்காப் பாப்பம்."

அவர் காருக்குள் குனிவதற்குள் அப்பா குனிந்தார். லீவரின் வெள்ளைக் குமிழில் ஐஸ்பழத்தின் சிவப்பு இழுபட்டிருந்தது. அப்பா அதைப் பெருவிரலால் துடைத்தார். துடைத்த விரலைத் தன் நல்ல சேட்டிலேயே தேய்த்துக்கொண்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"நீங்கள் சொன்னதுதான் அண்ணை. ஹெட்தான்."

காரைப் பழைய இரும்பாக அங்கேயே விட்டுவிட்டு நடந்து வந்தோம். அப்பா என் கையைப் பிடித்துத் தெருவைக் கடந்தார். பிடிபடவில்லை என்ற நிம்மதியில் எனக்குப் பசிகூட எடுத்தது. திங்கட்கிழமை அவர் வழமைபோல் கோப்பை கழுவப் போனார்.

ஒக்டோபரில் ஒரு மாலை கராஜ்காரர் தொலைபேசி எடுத்தார். உரத்த குரல்காரர், மேசையில் வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்த எனக்கே கேட்டது. "நீர் சொன்னதுதான் சரி ஐசே, விசிறிதான்! ஒரு சின்னச் சுவிச். கார் இப்ப குதிரை மாதிரி ஓடுது. என்ன செய்யிறது, போன மாசம்தான் வேறை ஒரு பெடியனை வேலைக்குச் சேத்தனான்."

"ஓம் அண்ணை," என்றார் அப்பா. "எனக்கு அண்டைக்கே தெரியும்."

தோற்றுப்போனவர் வீறாப்புக்குச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு, நான் கணக்கைத் தொடர்ந்தேன்.