சேவல் வாலில் கட்டிய நிம்ஃப்

அது ஆவணியில் இரண்டாவது ஞாயிறு. சனிக்கிழமை என்று என் மனைவி சாதிப்பாள். ஆனால் அன்று காலையில் நான் கறிக்கடை வரிசையில் நின்றேன், ஆகவே ஞாயிறுதான்.

ஊட்டிப் பக்கத்து ஓடையில் ட்ராவுட் மீன் பிடிக்க வேண்டும் என்பது என் ஆசை. அதற்கு இரை புழு அல்ல. தண்ணீருக்கடியில் வாழும் பூச்சிக்குஞ்சைப் போலத் தோன்றும்படி தூண்டில் முள்ளின் மேல் இறகைச் சுற்றிக் கட்டுவார்கள். நிம்ஃப் என்று பெயர். புத்தகங்கள் கேட்ட சீமைப் பறவைக்குச் சிதம்பரத்தில் எங்கே போவது? நாட்டுச் சேவலின் வால் இறகை வைத்துச் சாப்பாட்டு மேசையிலேயே கட்டி முடித்தேன்.

மனைவி நிபந்தனை போட்டாள்: "மொதல்ல இங்க ஒரு மீனு புடிச்சிக் காட்டுங்க. அப்புறம் ஊட்டிக்கு லீவு போடலாம். இல்லேன்னா லீவுக்கு எங்க அக்கா வீடுதான்."

கீரப்பாளையம் பக்கத்து வாய்க்கால் மதகுக்கு அவளும் அவள் தம்பியும் நானும் போனோம். மூழ்க வேண்டிய நிம்ஃப் முதல் வீச்சிலேயே தக்கை மாதிரி மிதந்தது. அதன்மேல் ஒரு தட்டான் வந்து உட்கார்ந்தது.

"மாமா, உன் பூச்சிய பொண்ணு பாக்க வந்துட்டாங்க" என்றான் மச்சான். அங்கே மண்புழு போட்டு மீன் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள்.

கனம் போதவில்லை, மேலே கொஞ்சம் செம்புக் கம்பி சுற்ற வேண்டும். என் பார்வை மச்சானின் இயர்போன் மேல் விழுந்தது.

"வேணாம் மாமா. ஒரு பக்கம் இன்னும் நல்லாதான் கேக்குது!"

"ஊட்டிக்கு நீயும் வர்ற."

அவனே ஒயரைப் பல்லால் கடித்து அறுத்துக் கொடுத்தான். தூண்டில் கோலை மனைவியிடம் கொடுத்துவிட்டு, உள்ளேயிருந்த மெல்லிய செம்பிழைகளை உருவி நிம்ஃபின் மேல் சுற்றினேன். தண்ணீரில் விட்டேன். மூழ்கியது! மச்சானைக் கட்டிப்பிடித்துக் குதித்த குதியில் கோலைத் திரும்ப வாங்க மறந்துபோனேன்.

"ஏங்க, இழுக்குதுங்க!"

அவள் வெடுக்கென்று தூக்கினாள். உள்ளங்கை அகல ஜிலேபி மீன் ஒன்று பறந்து வந்து தம்பியின் சட்டையில் மோதி விழுந்தது.

"ஊட்டிதான்!" என்று கத்தினேன்.

"புடிச்சது யாரு?"

"என் நிம்ஃபு."

"என் ஒயரு" என்றான் மச்சான்.

"அந்தம்மாதாங்க" என்று புழுக்காரர்கள் ஒரே குரலில் தீர்ப்புச் சொன்னார்கள்.

"சரி, ஊட்டிக்கே போவலாம்" என்றாள் மனைவி. "ஆனா அங்கயும் கோலு எங்கிட்டதான். நீங்க பூச்சி கட்டிக் குடுங்க."

நான் வாதாட வாயைத் திறப்பதற்குள் மறுபடி வீசிவிட்டாள். நிம்ஃப் மச்சானின் காலரில் மாட்டியது.