கீழ்த்தொட்டி

"கொர்ர்ர்... கொர்ர்ர்..."

உள்ளறையிலிருந்து அந்தச் சத்தம் வந்ததும் சேவுகனின் கையில் பேனா அப்படியே நின்றுவிட்டது. இளநீரின் அடியில் கிடக்கும் கடைசி வாயை ஸ்ட்ரா போட்டு உறிஞ்சினால் வருமே, அந்த மாதிரிச் சத்தம். விட்டு விட்டு வந்தது.

"இங்கிட்டு ஒண்ணு, பின்பக்கம் ஒண்ணு. ரெண்டே கையெழுத்துதாண்ணே" என்றான் எதிரே நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்த பிச்சைமுத்து. கறம்பக்குடியிலிருந்து துபாய்க்கு ஆள் அனுப்புகிறவன் அவன். "பாஸ்போர்ட்டயும் கையோட குடுத்துட்டீங்கன்னா நான் இப்பவே கெளம்பிருவேன். வர்ற புதன்கிழமை உங்களுக்கு ஃப்ளைட்டு."

சேவுகன் அவனைப் பார்க்கவே இல்லை. இருபத்திரண்டு வருஷம் காதில் விழுந்த சத்தம் அது. மோட்டார் தண்ணீருக்குப் பதில் காற்றை இழுக்கிறது! பேனாவைப் போட்டுவிட்டு எழுந்து ஓடினார்.

வல்லத்திராக்கோட்டையில் இந்த வீட்டைக் கட்டியவர் சேவுகன்தான். ஆனால் கட்டியதோடு சரி. துபாயில் பெரிய பெரிய பங்களாக்களில் கடல்மீனும் பவளமும் வளரும் கண்ணாடித் தொட்டிகளைப் பராமரிப்பது அவர் வேலை. காலையில் ஒரு வீடு, மதியம் ஒரு வீடு. பளபளக்கும் அந்தத் தொட்டிகளுக்கு முன்னால் சோபா போட்டு உட்காருகிறவர்கள் வேறு ஆட்கள். தொட்டிக்குக் கீழே அலமாரிக்குள் தலையை நுழைத்துக்கொண்டு, முழங்கை வரை உப்புத் தண்ணீரில் கிடந்தவர் சேவுகன். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஊருக்கு வருவார், நாற்பது நாள் இருப்பார், போய்விடுவார். மகள் ரம்யா பிறந்ததும் பள்ளிக்கூடம் போனதும் வயசுக்கு வந்ததும் அவருக்கு போட்டோவில்தான் தெரியும். அவளைக் கட்டிக்கொடுக்க வந்தவர், இனிமேல் போவதில்லை என்று இருந்துவிட்டார். அது எட்டு மாசத்துக்கு முந்தி.

இருந்தது என்னவோ இருந்தார். ஆனால் வீடு அவரைக் கண்டுகொள்ளவே இல்லை. பால்காரர் வாசலில் நின்று "அக்கா இல்லீங்களா?" என்பார். மின்சாரக் கணக்கெடுக்க வருகிறவரும் அப்படியே. அறுப்புக்கு ஆள் சொல்ல வந்தவர் சேவுகனைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, அடுப்படி ஜன்னல் பக்கம் போய் அமிர்தவல்லியிடம் பேசிவிட்டுப் போனார். கட்டிய மனைவி அமிர்தவல்லியும் மூன்று வேளையும் இலை போட்டு, "இன்னும் கொஞ்சம் வைக்கவாங்க?" என்று விருந்தாளியைக் கேட்பதுபோலத்தான் கேட்டாள். சொந்த வீட்டில் விருந்தாளியாக உட்கார்ந்து சாப்பிடுவதைப் போல ஒரு தண்டனை உண்டா? நெஞ்சுக்குள் விழுந்த அந்த முள்ளை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

கைக்கு ஒரு வேலை வேண்டும் என்றுதான் தொட்டியை ஆரம்பித்தார்.

மூன்றடிக் கண்ணாடித் தொட்டி ஒன்றை இரும்பு ஸ்டாண்டில் ஏற்றினார். அதன் அடியில் ரம்யாவின் பழைய இரண்டடி மீன்தொட்டி. அதற்குள் கண்ணாடித் துண்டுகளை அளந்து வெட்டி, சிலிக்கான் பசையால் ஒட்டி மூன்று அறைகளாகப் பிரித்தார். மேல் தொட்டியில் நிறைந்து வழியும் தண்ணீர் குழாய் வழியாக முதல் அறையில் துணிப்பைக்குள் விழும். அங்கே அழுக்கு தங்கிவிடும். நடு அறையில் மணலும் பச்சைப் பாசியும் ஒரு விளக்கும். கடைசி அறையில் மோட்டார். அது தண்ணீரை மறுபடி மேலே ஏற்றிவிடும். கோட்டைப்பட்டினத்தில் ஒரு படகுக்காரரைப் பிடித்து, கரையைவிட்டுத் தள்ளி அள்ளிய கடல் தண்ணீரைக் கேன் கேனாக வேனில் கொண்டுவந்தார். படகுக்காரர் வலையில் சிக்கிய நூல்நூலான பாசியும் அதோடு வந்தது.

ஐந்து வாரம் தொட்டியில் மீனே விடவில்லை. வெறும் கல்லும் தண்ணீரும் விளக்கும்தான்.

"ஏங்க, மீனு இல்லாத தொட்டிக்கு லைட்டு எதுக்கு? கல்லு படிக்கப் போகுதா?" என்று கேட்டாள் அமிர்தவல்லி.

"தண்ணி பக்குவத்துக்கு வரணும் அமிர்தம். அவசரப்பட்டா அத்தனையும் செத்துப்போகும்."

"நல்லாருக்கு. மாவு புளிக்கிறதுக்கு ஒரு ராத்திரி போதும். ஒங்க தண்ணிக்கு அஞ்சு வாரமா?"

கேலி பேசினாளே தவிர, துணிப்பையைத் தைத்துக் கொடுத்தவள் அவள்தான். நடு அறையைக் காட்டி இது எதற்கு என்று கேட்டவளும் அவள்தான்.

"மேல இருக்கிற மீனு, கண்ணுக்குத் தெரியாத பொடி உசுரையெல்லாம் தின்னுப்புடும். அதுக இங்க வந்து பாசிக்குள்ள ஒளிஞ்சு பொழைச்சுக்கிடும். பெருகும். கொஞ்சங் கொஞ்சமா மேல போயி மீனுக்கே எரையாகும். தண்ணியில இருக்கிற கெட்டதையும் இந்தப் பாசி இழுத்துக்கிடும்."

"அப்ப, தஞ்சம் புகுற எடம்னு சொல்லுங்க."

துபாயில் அதற்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் வைத்திருந்தார்கள். அர்த்தம் இன்னதென்று சேவுகன் ஒரு நாளும் யோசித்ததில்லை. எட்டாம் வகுப்போடு நின்ற அமிர்தவல்லி ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். அன்றைக்கு அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். அவள் அதற்குள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

பிறகு இரண்டு கோமாளி மீன்கள் வந்தன. கடலில் பவளம் எடுப்பது குற்றம் என்பதால், பண்ணையில் வளர்ந்ததுதானா என்று நாலு தடவை கேட்டு, சென்னையிலிருந்து இரண்டு மென்பவளத் துண்டுகள் வாங்கிவந்தார். தொட்டி உயிர்பிடித்தது. ஆனால் அவர் மனசு வீட்டில் ஒட்டவில்லை. பழைய முதலாளியின் ஆள் போனில் கூப்பிட்டு, "நீ இல்லாம இங்க ஒண்ணும் ஓடல, வந்துரு" என்றபோது கண் கலங்கிவிட்டது. ஒருத்தருக்காவது நான் வேண்டியவனாக இருக்கிறேனே! இரண்டு நாள் முந்தி மருத்துவப் பரிசோதனைக்காகத் திருச்சிக்குப் போனார். துபாய்க்கே திரும்பப் போகிறேன் என்று சொன்னதற்கு அமிர்தவல்லி, "போயிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னாள். இருபத்திரண்டு வருஷமாகச் சொன்ன அதே இரண்டு வார்த்தை. அதில் ஒரு எழுத்துக்கூடக் குறையவுமில்லை, கூடவுமில்லை.

இப்போது, திருச்சியிலிருந்து வந்து இறங்கி ஒரு மணி நேரம்கூட ஆகாத நிலையில், அவர் உள்ளறைத் தரையில் மண்டியிட்டு, ஸ்டாண்டின் துணித் திரையை விலக்கினார். கடைசி அறையில் நாலு விரல் தண்ணீர்கூட இல்லை. மோட்டார் வாயைப் பிளந்து காற்றைக் குடித்துக்கொண்டிருந்தது. பிளக்கைப் பிடுங்கினார். மேலிருந்து கொஞ்சம் தண்ணீர் சலசலவென்று இறங்கி வந்து நின்றது.

கையில் கரண்டியோடு ஓடிவந்தாள் அமிர்தவல்லி. "என்னங்க ஆச்சு? மீனுக்கா?"

"மீனுக்கு ஒண்ணும் ஆகல. இன்னும் அரை நாள் போயிருந்தா எல்லாம் போயிருக்கும்!" குரல் உயர்ந்துவிட்டது. "நேத்து போன்ல கேட்டனா இல்லையா? சம்ப்புல தண்ணி இருக்கான்னு கேட்டனா இல்லையா?"

"கேட்டீங்க. பாத்துட்டு வந்து கழுத்து வரைக்கும் கெடக்குன்னு சொன்னேன்."

"கொறைஞ்சா நல்ல தண்ணி ஊத்தணும்னு சொன்னனா?"

"சொன்னீங்க. நல்ல தண்ணிதான் கெடக்கு, எதுக்கு ஊத்தணும்னு கேட்டேன். நீங்க சரி சரின்னு போன வச்சுட்டீங்க."

"எங்க கெடக்கு? எங்க கெடக்குங்கிறேன்?"

அமிர்தவல்லிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். ஹாலில் பிச்சைமுத்து பார்த்துக்கொண்டிருக்க, தரதரவென்று வாசலுக்கு இழுத்துப் போனாள். முருங்கை மரத்தடியில் தரையோடு தரையாக இருந்த இரும்பு மூடியைத் தூக்கினாள். உள்ளே குழாய்த் தண்ணீர், குடிக்கிற நல்ல தண்ணீர், சித்திரை வெயிலில் கண் கூசும்படி தளும்பிக்கொண்டிருந்தது.

"இந்தா இருக்குல்ல? கண்ணு தெரியலையா? இதுக்குப் பேரு சம்ப்பு இல்லாம வேற என்ன? இந்த ஊருல யார வேணும்னாலும் கேளுங்க!"

துபாயில் சம்ப் என்றால் மீன்தொட்டிக்கு அடியில் இருக்கும் தொட்டி; போனில் சேவுகன் வாயில் அந்தச் சொல்தான் வந்திருந்தது. அவரை அறியாமல் சிரிப்பு வந்தது. பின்னாலேயே வந்து எட்டிப் பார்த்த பிச்சைமுத்தும் சிரித்தான். "அண்ணே, அக்கா சொல்றதுதான் சரி. எங்க வீட்டுலயும் இதுதான் சம்ப்பு."

அமிர்தவல்லி மட்டும் சிரிக்கவில்லை. மூடியை மெதுவாகக் கீழே விட்டாள்.

"வீட்டுல இருக்கையில நீங்களும் கீழ்த்தொட்டின்னுதான் சொன்னீங்க. கீழ்த்தொட்டியில பை மாத்தணும், கீழ்த்தொட்டி வெளக்கப் போடுன்னு. எனக்கும் அதுதான் தெரியும். திருச்சி போயி எறங்குனதும் பாஷை மாறிப்போச்சு. நீங்க துபாய்க்கே போய்ச் சேந்துட்டீங்க. ஒடம்புதான் இன்னும் வண்டி ஏறல."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். சேவுகனின் சிரிப்பு அப்படியே உதட்டில் காய்ந்துபோனது.

அவர் உள்ளறைக்கு வந்தபோது, அவள் வடிகட்டிய தண்ணீர்க் கேனைத் திறந்து, செம்பும் கையுமாகத் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"வெயிலுக்குத் தண்ணி வத்தி உப்பு ஏறிப்போயிருக்கும். கடகடன்னு ஊத்தக் கூடாது" என்றார்.

"தெரியும். ஒரேயடியா ஊத்துனா அதுக பயந்துரும். நீங்க ஊத்துறத இத்தனை மாசமாப் பாக்காமலா இருக்கேன்?"

பார்த்திருக்கிறாளா? எப்போது? அவர் தலையை ஸ்டாண்டுத் திரைக்குள் விட்டுக்கொண்டிருந்தபோது முதுகுக்குப் பின்னால் நின்றிருக்கிறாள். துபாயில் அவர் முதுகுக்குப் பின்னால் ஒருத்தரும் நின்றதில்லை.

ஒரு செம்பு. நிறுத்தினாள். இன்னொரு செம்பு. அவர் பிளக்கை மாட்டினார். கொர்ர்ர் என்று மறுபடி கத்தியது மோட்டார். அவள் பதறாமல் ஊற்றினாள். ஏழாவது செம்பில் சத்தம் இளைத்தது. பத்தாவது செம்பில் விக்கல் போல ஒன்று வந்து, நின்றேபோனது. வீடு நிசப்தமானது. மேலே இரண்டு ஆரஞ்சு மீன்களும் ஒன்றும் நடக்காததுபோல பவளத்தின் பக்கம் உரசிக்கொண்டு நின்றன.

"அண்ணே," ஹாலிலிருந்து குரல் வந்தது, "டைமாச்சு!"

அமிர்தவல்லி செம்பைக் கீழே வைத்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாள். "கண்ணாடியில ஒரு கோடு போட்டுக் குடுத்துட்டுப் போங்க. எது வரைக்கும் ஊத்தணும்னு. நான் பாத்துக்கிடுறேன்."

சேவுகன் மார்க்கரை எடுத்தார். கண்ணாடியில் வைத்தார்.

"எப்பவும் இப்படித்தானே" என்றாள் அவள். "ஒவ்வொரு தடவையும் ஒரு பேப்பர் எழுதிக் குடுத்துட்டுப் போவீங்க. ரம்யாவுக்கு ஊசி என்னைக்கிப் போடணும், மழைக்கு முந்தி ஓட்டுல எதப் பாக்கணும், யார அறுப்புக்குக் கூப்பிடணும். எல்லாத்தையும் பீரோக் கதவு உள்பக்கம் ஒட்டிருக்கேன். பதினோரு பேப்பரு. அதுல இருக்கிறபடி ஒண்ணு விடாமச் செஞ்சேன். ஒண்ணுலயும் எனக்குன்னு ஒரு வரி இல்ல."

அவள் அழவில்லை. அழுதிருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார். மார்க்கரின் முனை கண்ணாடியில் ஒரு கறுப்புப் புள்ளியாக ஊன்றி நின்றது. அது கோடாக நகரவில்லை.

"நீ ஒரு நாளும் போக வேணாம்னு சொல்லலியே, அமிர்தம்."

"நீங்க ஒரு நாளும் கேக்கலியே. போறேன்னு சொல்லுவீங்க. சொல்றவங்கள எப்படித் தடுக்கிறது?"

சேவுகன் மார்க்கரை மூடினார். ஐம்பத்தோரு வயசில், இரண்டடிக் கண்ணாடித் தொட்டிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாகக் கேட்டார்.

"நான் போகட்டுமா?"

அவள் முந்தானையால் தரையில் சிந்திய தண்ணீரைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே இன்னொரு தடவை துடைத்தாள்.

"இதுக்குத் தினமும் தண்ணி ஊத்த என்னால ஆகாது" என்றாள்.

பத்து செம்பையும் பதறாமல் பக்குவமாக ஊற்றியவள் பேசிய பேச்சு அது! சேவுகனுக்கு விளங்கிவிட்டது. கண்ணாடியிலிருந்த கறுப்புப் புள்ளியைக் கட்டைவிரலால் அழித்தார்.

ஹாலுக்கு வந்து, காகிதத்தை மடித்து பிச்சைமுத்துவின் கையில் கொடுத்தார்.

"என்னண்ணே, கையெழுத்தக் காணோம்?"

"கோவிச்சுக்காதப்பா. நான் வரல."

"வெளையாடாதீங்க. ரெண்டு மீனுக்காகவா? தொட்டியில இருக்கிறதே ரெண்டு மீனும் நாலு கல்லும்தான!"

"எனக்கு இன்னும் சம்ப்புன்னா என்னன்னே தெரியல. அத மொதல்ல கத்துக்கிடணும்" என்றார் சேவுகன். "நீ அந்த எடத்துக்கு வேற ஆளப் பாரு. ஒனக்கு வீண் அலைச்சல் குடுத்துட்டேன்."

பிச்சைமுத்து தலையைச் சொறிந்தான். உள்ளறை வாசலில் நின்ற அமிர்தவல்லியைப் பார்த்தான். என்ன நினைத்தானோ, காகிதத்தைப் பையில் செருகிக்கொண்டான். "சரி அக்கா, அப்ப நான் வாரேன். அண்ணனப் பத்திரமா நல்ல தண்ணியில வச்சுக்கிடுங்க."

"ஒன் வாய அடக்கு. மோரு குடிச்சுட்டுப் போறியா?"

"வேணாங்க்கா. ஆளு தேடணும்ல?"

பைக் உறுமிக்கொண்டு தெரு முனையில் திரும்பியது. எழுந்த புழுதி வாசல் வரை வந்தது. சேவுகன் திரும்பவும் நாற்காலியில் உட்காரப் போனார்.

"அங்கிட்டு ஏன் உக்காருறீங்க? கேன்ல தண்ணி தீந்துபோச்சு. போயி வடிகட்டி வைங்க" என்றாள் அமிர்தவல்லி. "வெயிலு உள்ள வருது. தொட்டி சூடாயிரும்."

கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.