ஒப்ராத் யாரையும் கூப்பிடவில்லை

என் கணவரின் அண்ணன் ஒப்ராத், ரயில் நிலையத்தில் காலமெல்லாம் ஒலிபெருக்கியில் அறிவிப்புச் சொன்னவர். ரயில் நேரத்துக்கு வந்ததே இல்லை. ஆனால் அது வராத செய்தியைக் கலப்படமில்லாத செர்பிய மொழியில் சொல்வார். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பெருமை இறங்கவில்லை. கசாப்புக்கடைக்காரர் பேச்சைத் திருத்தினார், தபால்காரரைத் திருத்தினார், பிரசங்கம் முடிந்த கையோடு பாதிரியாரையும் திருத்தினார். துருக்கியர்கள் ஆண்ட காலத்தில் விட்டுப்போன சொற்களையெல்லாம் களைபோலப் பிடுங்கிப் போடுவதுதான் அவர் லட்சியம். குடியிருந்ததோ சூப்ரியாவில். ஊர்ப் பெயரே துருக்கியன் வைத்தது, பாலம் என்று பொருள். அதை யாராவது ஞாபகப்படுத்தினால் அவருக்குக் காது கேட்காது.

அவர் வீடும் என் வீடும் ஒரே முற்றத்தில்தான். அவருக்கு மனைவி இல்லை, எனக்குக் கணவர் இல்லை, சமையல் மட்டும் என் தலையில். பின்கட்டை, புது ரயில் பாதை போட வந்த உஸ்பெக் ஆட்களுக்கு வாடகைக்கு விட்டார். அவர்களுக்கு மேஸ்திரி எர்காஷ். வந்த அன்றைக்கு நான் சூப் கொடுத்தபோது எர்காஷ் கரண்டியைத் தூக்கிக் காட்டி, “கோஷிக்” என்றான். நாங்கள் அதைக் காஷிகா என்போம். ஒப்ராத்தின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.

“நம்ம சொல்லை இவனுங்க எப்போ திருடினானுங்க?” என்று என்னிடம் கேட்டார்.

“ராத்திரியோட ராத்திரியா வந்து, கரண்டியை விட்டுட்டுப் பேரை மட்டும் தூக்கிட்டுப் போயிருப்பாங்க அத்தான்” என்றேன்.

அன்று அவருக்குப் பிடித்தது, ஒத்துப்போகும் சொற்களைத் தேடும் பைத்தியம். தலையணை எங்களுக்கு யாஸ்துக், அவர்களுக்கு யோஸ்திக். அண்டா கசான், அவர்களுக்குக் கோசோன். பாலாடை கைமாக், அவர்களுக்குக் கைமோக். எழுத்தும் சிரில்லிக், லத்தீன் என்று இரண்டு இரண்டு, எதில் எழுதுவது என்று இரண்டு நாட்டுக்காரர்களுக்கும் இன்னும் தீர்மானமில்லை. இரண்டு பேருக்கும் இவற்றைக் கொடுத்தது ஒரே துருக்கிக் கூட்டம் என்று பள்ளிப் பிள்ளைக்குக்கூடப் புரியும். எங்கள் அறிஞருக்கு வேறு மாதிரி புரிந்தது. உஸ்பெக்குகள் வழிதவறிக் கிழக்கே போன செர்பியர்கள் என்று தெருமுனைக் காபிக் கடையில் அறிவித்தார். கடையில் சிரித்த சிரிப்பு எங்கள் முற்றம்வரை கேட்டது.

மொழிகள் ஒட்டாத இடமும் உண்டு. எங்களுக்கு மேசைகூட ஆண், நாற்காலி பெண். அவர்களுக்கு ‘அவன், அவள், அது’ எல்லாவற்றுக்கும் ஒரே சொல். ஆகவே எர்காஷ் செர்பிய மொழி பேசினால், “ஒப்ராத் அண்ணே வந்தாள், சாப்பிட்டாள்” என்றுதான் வரும். வேறு யாராவது அப்படிப் பேசியிருந்தால் உயிரோடு வீடு திரும்பியிருக்க மாட்டார்கள். இவனிடம் மட்டும் ஒப்ராத் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் மனைவி போன பிறகு அந்தச் சிரிப்பை நான் கேட்டதே இல்லை. அதற்காகவே அந்த மேஸ்திரியை எனக்குப் பிடித்துப்போனது.

டிசம்பரில் புனித நிக்கோலா நாள் வந்தது. எங்கள் குடும்பத்தைக் காக்கும் புனிதர் அவர். அந்த நாளை ஸ்லாவா என்போம். ஸ்லாவாவுக்கு யாரையும் கூப்பிடக் கூடாது. நினைவு வைத்திருப்பவர்கள் தாமாக வருவார்கள். வருகிறவர்கள் போகும்வரை வீட்டுக்காரர் உட்காரக் கூடாது. சடங்கு ரொட்டியை அவரும் ஒரு விருந்தாளியும் சேர்ந்து பிடித்துச் சுற்றி, கையால் பிய்க்க வேண்டும். ஆள் வராத ஸ்லாவா என்றால் அந்த வீட்டு விளக்கு அணைந்த மாதிரி.

வியன்னாவிலிருக்கும் ஒப்ராத்தின் மகன் லீவு இல்லை என்று சொல்லிவிட்டான். தெருவில் பாதி வீடுகளுக்கு அதே புனிதர், அவர்களுக்கு அவரவர் விருந்து. மீதிப் பாதி ஒப்ராத்திடம் திருத்தம் வாங்கியவர்கள். நான் மீனைப் பொரித்து, பீன்ஸை அடுப்பில் வைத்து எடுத்து, மேசையை நிரப்பினேன். அவர் கோட்டும் டையுமாக மெழுகுவத்தி பக்கத்தில் நின்றார். மத்தியானம் போயிற்று. மெழுகுவத்தி பாதிக்குக் கீழே இறங்கியது. மனுஷன் நின்றுகொண்டே இருந்தார்.

விறகு எடுக்க வெளியே வந்தால், பின்கட்டு வாசலில் உஸ்பெக்குகள் முகம் மழித்து, சலவைச் சட்டையும் குல்லாயுமாகப் பனியில் நிற்கிறார்கள். எர்காஷ் கையில் ஒரு பை வால்நட். ஏன் இங்கேயே நிற்கிறீர்கள் என்றேன்.

“கூப்பிடாத வீட்டுக்கு நாய்தான் போகும்க்கா. ஒரு மாசமா அண்ணே இன்னிக்குச் செய்யற பலகாரத்துக்கெல்லாம் பேர் சொல்லிக்கொடுத்தாள். வாங்கன்னு மட்டும் சொல்லல. நாங்க ஏதோ தப்புப் பண்ணிட்டோம்போல.”

உள்ளே போய்ச் சொன்னேன். ஒப்ராத் டையைச் சரிசெய்தார்.

“கூப்பிட்டா அது ஸ்லாவா இல்ல, கல்யாணம். எங்கப்பா கூப்பிடல. நானும் கூப்பிட மாட்டேன்.”

“அப்போ மெழுகுவத்தியோட பேசிக்கிட்டிருங்க அத்தான். அதுக்குத்தான் திருத்தறதுக்கு வாய் இல்ல” என்றேன். சொன்னதும் எனக்கே அழுகை வந்துவிட்டது.

ஒப்ராத் மேசையிலிருந்து ஒரு கரண்டியை எடுத்துக்கொண்டு பனியில் இறங்கினார். ஜன்னலில் நின்று பார்த்தேன். கரண்டியை நீட்டி இது என்ன என்று அதட்டினார். எர்காஷ் கோஷிக் என்றான். “தப்பு. உள்ள இன்னும் நிறைய இருக்கு, வந்து பாத்துட்டுச் சொல்லு” என்றார். எர்காஷ் நெஞ்சில் கைவைத்து, இருக்கட்டும் அண்ணே என்றான். திரும்பி வந்தார். அடுத்து தலையணையோடு போனார். கோட்டும் டையும் போட்ட கிழவர் பனியில் தலையணையை நீட்டி வாதாடியதைப் பக்கத்து வீட்டு விருந்தாளிகளும் வேடிக்கை பார்த்தார்கள். எர்காஷ் மறுபடியும் நெஞ்சில் கைவைத்தான். அவன் ஊரில் முதல் இரண்டு தடவை கூப்பிடுவது வெறும் உபசாரமாம். மூன்றாவதுதான் அழைப்பாம். பிறகுதான் எனக்குச் சொன்னான்.

மூன்றாவது தடவை ரொட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்.

“இதுக்கு உங்க ஊர்ல என்ன பேரு?”

“நோன்.”

“எங்ககிட்ட ஹ்லெப். கொஞ்சங்கூட ஒட்டல.” குரல் இறங்கிவிட்டது. “இதைப் பிய்க்க ரெண்டு பேர் வேணும் எர்காஷ். வா தம்பி. எல்லாரும் வாங்க.”

எர்காஷ் வால்நட் பையை அடுத்தவனிடம் கொடுத்துவிட்டு ரொட்டியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். “எங்க ஊர்ல ரொட்டி மேல கத்தி படக் கூடாதுண்ணே. கையாலதான் பிய்ப்போம்.”

“இங்கயும் இன்னிக்குக் கையாலதான்” என்றார் ஒப்ராத்.

மெழுகுவத்தி தீரும்வரை அவர்கள் சாப்பிட்டார்கள். அவர் ஒரு நிமிடம்கூட உட்காரவில்லை, அத்தனை சந்தோஷம்.

மறுநாள் காபிக் கடையில் ஒப்ராத் சொன்னாராம்: “நான் கூப்பிடவே இல்ல. தானா வந்தாங்க. செர்பிய ரத்தம்னா அப்படித்தான்.” அன்று மாலை எர்காஷ் ஃபெர்கானாவிலிருக்கும் மனைவியிடம் போனில் பேசிவிட்டு வந்து, என்ன பேசினான் என்று எனக்குப் பெருமையாகச் சொன்னான். வீட்டுக்காரர் மூன்று தடவை பனியில் இறங்கி வந்து அழைத்தார், நம் ஊரில்கூட இப்படி அழைக்க ஆள் கிடையாது என்றானாம்.

இரண்டையும் கேட்டுக்கொண்டு கரண்டிகளைத் துடைத்து வைத்தேன். நான் யாரையும் திருத்தவில்லை.