சொந்த ஊர் ஆட்டம்

ரொறன்ரோவிலிருந்து எல்லை தாண்டி அமெரிக்காவின் பஃபலோ நகருக்குப் போகும் பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் இருந்தவருக்கு அறுபது வயதிருக்கும். குளிர்க் கோட்டுக்கு மேல் ரொறன்ரோ ஐஸ் ஹொக்கி அணியின் நீலச் சட்டையை இழுத்துப் போட்டிருந்தார். பாஸ்போர்ட் இருக்கிறதா என்று பையை அடிக்கடி தொட்டுப் பார்த்தார்.

"எங்கட ரீம் இண்டைக்கு அங்க விளையாடுது. ரொறன்ரோவில ஒரு ரிக்கெற் வாங்கிற காசில அங்க மூண்டு மட்ச் பாப்பன். எங்கட அரங்குக்குள்ள நான் இன்னும் கால் வைக்கேல்லை."

"அப்ப உங்கட காசு பஃபலோக்காரருக்கெல்லோ போகுது, அண்ணை?"

"இஞ்ச வாங்கினாலும் ஹொக்கி லீக் அதில ஒரு பங்கைப் பஃபலோ மாதிரிச் சின்ன ரீமுகளுக்குப் பிரிச்சுக் குடுக்குது, தம்பி. நான் நேரையே கொண்டுபோய்க் குடுக்கிறன்."

எல்லையில் அதிகாரி பயணத்தின் காரணம் கேட்டார்.

"என்ர ஊர் ரீமின்ர ஆட்டம் பாக்க," என்று அண்ணை ஆங்கிலத்தில் சொன்னார்.

அதிகாரி சிரித்துவிட்டார். இவர் பகிடியாகச் சொன்னாரா, மனம் நொந்து சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.