மார்ச்சில் வந்த மே பூ

1. மந்தைவெளியில் எங்கள் பழைய குடியிருப்பை இடித்துக் கட்ட எல்லா வீட்டாரும் சம்மதித்தோம். மார்ச் முடிவதற்குள் காலி செய்யச் சொன்னார் பில்டர்.

2. அம்மா கட்டாயம் எடுத்துப்போக வேண்டும் என்று கேட்டது ஒன்றைத்தான்: அப்பா நட்டிருந்த மே ஃப்ளவர் கிழங்குகள்.

3. அவை மண்ணுக்குள் எங்கே இருக்கின்றன என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை.

4. நான் அளந்து ஓர் இடத்தைக் காட்டினேன். தோண்டினோம். அங்கே இல்லை.

5. மே மாதம் வர வேண்டிய பூ மார்ச்சிலேயே வந்தது.

தெருவோரத்தில் சிவப்பாகப் பூக்குமே, அந்த மரத்தைச் சொல்லவில்லை. இது கிழங்கிலிருந்து வரும் பந்துப் பூ. கோடை மழையின் முதல் ஈரம் பட்டதும் தரையிலிருந்து தண்டு கிளம்பி, உச்சியில் உருண்டையாக ஒரு சிவப்புப் பூ விரியும். பிறகு சில மாதங்களுக்கு இலை. மார்கழி வாக்கில் அதுவும் காய்ந்து போனால் அங்கே ஒரு செடி இருந்ததற்கான அடையாளமே இருக்காது.

போன மே மாதம் அப்பா இருந்தார். ஐப்பசி மழையில் அவர் காலமானபின் கீழே இறங்கி அந்த மண்ணை யாரும் பார்க்கவில்லை. எங்கள் வீடு இரண்டாம் மாடி. நானும் அம்மாவும் பூவைப் பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்ததோடு சரி. சுற்றுச்சுவர் ஓரமாக எங்கேயோ, மழைநீர்க் குழாய்க்குப் பக்கத்தில் என்பதுதான் எங்களுக்கு நினைவிருந்தது.

அம்மா அதைப் பற்றி அழவெல்லாம் இல்லை. பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டே, “ஜேசிபி வந்துச்சுன்னா மண்ணோட மண்ணா போயிடும், இல்ல?” என்று கேட்பாள். ஒரு மணி நேரம் கழித்து மறுபடியும் அதையே கேட்பாள்.

நான் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை செய்கிறேன். அளவெடுப்பதுதான் தொழில். அப்பா தன் கைப்பேசியில் தானே எடுத்துக்கொண்ட படம் ஒன்று கிடைத்தது. குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறார், பின்னால் குழாய், குழாய்க்கு இடது பக்கம் பூ. குழாயின் விட்டத்தை வைத்துக் கணக்கிட்டேன். இடது பக்கம் இரண்டடி. ஞாயிற்றுக்கிழமை காலை மண்வெட்டியோடு இறங்கினோம்.

வாட்ச்மேன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். “இன்னாம்மா, லாக்கர் எதுனா கீதா உள்ள?”

“இருந்தா உனக்கும் பாதி தரேன். சும்மா இருப்பா” என்றாள் அம்மா.

செங்கல் துண்டுகளும் யாரோ தொலைத்த கிரிக்கெட் பந்தும் கிடைத்தன. அம்மா மண்ணைக் காலால் தள்ளி மூடினாள். “போகட்டும் விடு” என்றாள். அப்படிச் சொன்ன பிறகு அவள் கிழங்கைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டாள். எனக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது.

அதற்குள் மற்ற வீடுகள் ஒவ்வொன்றாகக் காலியாகின. வாட்ச்மேன் மட்டும் எல்லோரும் குடியிருப்பது போலவே காலையில் மோட்டாரைப் போட்டுவிட்டு டீக்கடைக்குப் போய்விடுவார். மாடித் தொட்டி நிரம்பி, மொட்டைமாடியில் வழிந்து, அந்த மழைநீர்க் குழாய் வழியாகக் கீழே கொட்டும். அம்மா தினமும் பால்கனியிலிருந்து கத்துவாள்.

“ஏம்பா, தண்ணி வழியுது! நிறுத்தேன்!”

“தோ வரேம்மா! டீ குடிச்சிக்கினு கீறேன்!”

மார்ச் மூன்றாம் வாரம். பழைய பேப்பர்காரருக்குப் பேப்பர்க் கட்டைக் கொடுக்கக் கீழே போன அம்மா, அங்கிருந்தே கூப்பிட்டாள். “ஏய், கீழ வாடி! உங்கப்பா பூவுடி!”

குழாய்க்கு வலது பக்கம் இரண்டு தண்டுகள். ஒன்று விரிந்து, மற்றது மொட்டாக. குழாய்த் தண்ணீர் தேங்கிக் காயும் இடம் அது. தினமும் கொட்டிய தண்ணீரை அந்தக் கிழங்கு கோடை மழை என்று எடுத்துக்கொண்டிருக்கிறது.

“இடது பக்கம்னுதானே படத்துல இருக்கு?” என்று கைப்பேசியை எடுத்தேன். அம்மா வாங்கிப் பார்த்தாள். எத்தனையோ வருடம் அப்பாவின் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டவள்.

“உங்கப்பா சட்டைக்குப் பாக்கெட் எந்தப் பக்கம்டி இருக்கும்?”

படத்தில் பாக்கெட் வலது மார்பில் இருந்தது. முன்பக்கக் கேமரா, கண்ணாடி போல் எல்லாவற்றையும் இடவலமாக மாற்றி வைத்திருந்தது. “பெரிய இன்ஜினியர்!” என்று என் தலையில் தட்டினாள். பிறகு பூவின் பக்கத்தில், அப்பா உட்கார்ந்தது போலவே, குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். புடவைத் தலைப்பு சேற்றில் கிடந்தது. அவள் கவனிக்கவில்லை.

வாட்ச்மேன் விடுவாரா? “டெய்லி திட்டுனியேம்மா. இப்ப சொல்லு, யாரு உட்ட தண்ணி இது?”

“நீ விட்டதுதான்பா. நீ நல்லா இருக்கணும்” என்றாள் அம்மா. “இரு, டீக்கடைக்குப் போகாத. நான் காபி போட்டு எடுத்துட்டு வரேன்.”

வேர் அறாமல் மண்ணோடு அள்ளி ஒரு பழைய பெயிண்ட் வாளியில் வைத்தோம். தண்டுகளுக்கு அடியில் இன்னும் பல சின்னக் கிழங்குகள் இருந்தன. ராயப்பேட்டை வாடகை வீட்டுக்கு வந்த ஆட்டோவில், அம்மா அந்தப் பெயிண்ட் வாளியை மடியில் வைத்துக்கொண்டுதான் வந்தாள்.

அந்த வாட்ச்மேன் இப்போது சாந்தோமில் வேறொரு குடியிருப்பில் இருக்கிறார். அம்மா போன வாரம் அவருக்குப் போன் செய்து இலை வந்துவிட்டது என்று சொன்னாள். மந்தைவெளிக் கட்டிடத்தை இடித்துவிட்டார்கள். இந்த மே மாதம் பூ வரவில்லை, ஏற்கனவே பூத்தாயிற்று. கிழங்குகள் பால்கனியில் இரண்டு தொட்டிகளில் இருக்கின்றன. எல்லாவற்றிலும் இலை விட்டிருக்கிறது.