பூச்சியம் எழுதிய நாள்

2004 பெப்ரவரி, ஒரு செவ்வாய்க்கிழமை. அதிகாலை மூன்றரைக்குப் பதுளையிலிருந்து அலுவலக ஜீப்பில் புறப்பட்டோம். பசறை, பிறகு மடுல்சீமை. அங்கே பிளேன்டீயும் ரொட்டியும் பதினைந்து ரூபாய். தேயிலைத் தோட்டத்தின் மேற்பிரிவுக்கு இன்னும் நான்கு கிலோமீட்டர். தார் முடிந்த இடத்தில் சாரதி சந்திரன் ஜீப்பை நிறுத்தினார்.

"இதுக்கு மேல ஏத்துனா அச்சு ஒடிஞ்சிரும் மிஸ். நீங்க நடங்க, நான் இங்கயே இருக்கேன்."

இரண்டு கிலோமீட்டர் ஏறி ஒரு கல்லில் உட்கார்ந்தேன். பன்னிரண்டு மணிநேரம் அப்பாதையில் போகும் வாகனங்களை எண்ணுவது என் வேலை. எந்தப் பாதையைத் திருத்துவது என்பதை அந்த எண்ணிக்கைதான் தீர்மானிக்கும். படிவத்தில் ஐந்து கட்டங்கள்: பஸ், லொறி, வேன், முச்சக்கரவண்டி, மோட்டார் சைக்கிள். நடப்பவர்களுக்குக் கட்டம் இல்லை.

6.50. பள்ளிப் பிள்ளைகள் சேறு படாமல் சப்பாத்துகளைக் கையில் பிடித்தபடி இறங்கினார்கள். பத்து மணிவரை ஐந்து கட்டங்களிலும் பூச்சியம்.

10.20. மூங்கிலில் கட்டிய கம்பளியில் ஒரு பெண்ணை நால்வர் தூக்கி வந்தார்கள். கொழுந்து பறிக்கையில் குளவிக்கூடு கலைந்துவிட்டதாம். முகம் வீங்கிக் கண்கள் மூடியிருந்தன.

"ரோட்டுக் கணக்கா மிஸ்?" என்றார் முன்னால் பிடித்திருந்த இளைஞர். "எங்கள எதுல போடுவீங்க? எட்டுக் காலு இருக்கு. ஹோனும் அடிப்போம்."

"வாய மூடிட்டு நடடா! ஒன் அண்ணிக்கு மூச்சு வாங்குது" என்றார் பின்னால் பிடித்து வந்த அவள் கணவர்.

"கீழ ஜீப் நிக்குது. நான் சொன்னேன்னு சொல்லி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்றேன். நான் எழுந்து போகவில்லை. இடையில் நிறுத்தினால் அன்றைய கணக்குச் செல்லாது.

3.15. அந்த இளைஞர் மட்டும் திரும்பி வந்தார். தோளில் மடித்த கம்பளி.

"ஜீப்புல ஏத்துறப்பவே அண்ணிக்கு மூச்சு நின்னுருச்சுங்க. டாக்டர்ட்ட காட்டத்தான் கொண்டு போனோம். இப்ப புள்ளைங்க ஸ்கூல் விட்டு வந்திருக்கும். நான்தான் சொல்லணும்."

அவர் ஏறிப் போனார். மாலை ஆறு மணிக்கு ஐந்து பூச்சியங்களையும் எழுதிக் கையொப்பமிட்டேன். குறிப்புப் பகுதியில் காலையில் நடந்ததை நான்கு வரியில் எழுதினேன்.

வெள்ளிக்கிழமை எங்கள் அலுவலகப் பொறியியலாளர் அந்த நான்கு வரியை இரண்டு தடவை வாசித்தார். யாழ்ப்பாணத்துக்காரர், கெட்ட மனிதரல்ல.

"வாகனமே ஓடாத ரோட்டுக்கு நான் என்னெண்டு காசு கேக்கிறது, பிள்ளை?"

"ரோட் இல்லாததாலதானே சேர் வாகனம் ஓடல்ல?"

"விளங்குது. ஆனா குறிப்பைக் கூட்டிக் கழிக்கேலாது." படிவத்தைத் தகுதியற்ற பாதைகளின் கோப்பில் வைத்தார்.

பதுளையில் எங்கள் தெருவுக்கு முந்தின வருடம் தார் போட்டார்கள். அந்தக் கணக்கையும் எடுத்தவள் நான்தான். ரியூஷன் பிள்ளைகளை ஏற்றி இறக்கிய ஒரே முச்சக்கரவண்டி அன்று என்னை இருபத்திரண்டு தடவை கடந்தது. இருபத்திரண்டு வாகனங்கள் என்று எழுதினேன். விதி அப்படித்தான்.