அப்பா பேர் வைத்த அடி

புதுப் பாட்டு என்று மகள் போனை நீட்டினாள். யாரோ புதுப் பையன்கள் பாடியது. முதல் அடியிலேயே சைதாப்பேட்டைச் சந்தும், அப்பா மீட்டும் புல்புல்தாராவில் ஊறிய பீடி நாற்றமும் என் நினைவுக்கு வந்துவிட்டன. சாவு வீடுகளில் பாட அப்பா கட்டிய பாட்டு அது. எந்தப் பாட்டானாலும் கடைசி அடியில் தன் பேரை வைப்பார். “பேரு இருந்தாதான் கண்ணு, அது நம்ம பாட்டு” என்பார்.

போனில் அந்த அடி மட்டும் இல்லை.

“யாரு கட்னதாம்?”

“தெரியலன்னு போட்டுக்கீறாங்க மா.”

“பேர அறுத்துட்டு தெரியலன்றானுங்களா, பேமானிங்க! போனக் குடு.”

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் எழுத வரும். அந்தப் பாட்டுக்குக் கீழே, அவர்கள் அறுத்த கடைசி அடியை ஒவ்வோர் எழுத்தாகத் தேடிக் குத்தினேன்: ‘சைதாப்பேட்டை ஏகாம்பரம் சொன்ன பாட்டு இது.’